வழி பூரா எரிந்த பின் விளக்கு

ஏழுகுடிப்பட்டிப் பந்தல்காரர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அவர்களுக்குப் புரியாது.

நாலு பேர். சேர்ந்துதான் பந்தல் போடுவார்கள், சேர்ந்துதான் சாப்பிடுவார்கள், சேர்ந்துதான் யோசிப்பார்கள். இந்தக் கடைசி வேலையில்தான் கொஞ்சம் சேதாரம் ஆகும். ஒரு காதுகுத்து வீட்டில், "வெயில் ஒரு பொட்டு உள்ள வரக் கூடாதுப்பா" என்று சொன்னார்கள். இவர்கள் மேலே மட்டுமா மூடினார்கள்? நாலு பக்கமும் கீற்று வைத்து மூடிவிட்டார்கள். வெயில் வரவில்லை, வாஸ்தவம்தான். தாய்மாமனும் வரவில்லை. சீர்த்தட்டோடு பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் கொல்லைப்பக்கம் சுவரேறிக் குதித்தார்.

இவர்களில் மூத்தவர் உருமையா. ஊருக்குள் முதல் வீட்டுக்குக் கரண்டு இழுத்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அதனால் கரண்டு சமாச்சாரம் எதுவானாலும் அவர் சொன்னதுதான். அடுத்தவன் சோலையப்பன். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டான். இன்னொருத்தன் மெய்யநாதன். யார் எதைச் சொன்னாலும் அந்த நிமிஷமே நம்பிவிடுவான். மிச்சம் இருப்பது நம்ம அடைக்கலம். மோட்டார் சைக்கிள் அவனுடையது. அதனால் இந்தக் கதையில் கஷ்டமும் அவனுக்குத்தான்.

பெருங்களம்பட்டியில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போடப் போனபோதுதான் அவன் இளஞ்சியத்தைப் பார்த்தான். மேலே ஏறி, முக்கியமான ஒரு கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். கீழே நின்ற இளஞ்சியம், "ஏங்க, விட்டுட்டு இறங்கி வந்து மோர் குடிங்க" என்றாள். விட்டான். அவன் இறங்கினான், கூடவே பந்தலும் இறங்கியது. கீற்றுக்கு நடுவிலிருந்து அவன் தலையை நீட்டியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் மோர்ச் செம்பு அப்படியே இருந்தது. அவ்வளவுதான், பையன் ஆள் காலி. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

உருமையா போய்ப் பெண் கேட்டார். இளஞ்சியத்தின் அப்பா வைரக்கண்ணு நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. ஒருநாள் பொழுது மங்கின நேரத்தில், பின் விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர் ஒன்றில் மொபெட்டோடு போய்ச் சொருகிக்கொண்டார். கத்தினார், கத்தினது வைக்கோலுக்கு வெளியே கேட்கவில்லை. டிராக்டர்க்காரன் அடுத்த ஊரில் வைக்கோலை இறக்கும்போது இவரையும் சேர்த்து இறக்கினான். அன்றிலிருந்து அவர் யாரைப் பார்த்தாலும் முன்பக்கம் பார்ப்பதில்லை, பின்பக்கம்தான் பார்ப்பார்.

"எனக்குச் சொத்து வேணாம், நகை வேணாம்" என்றார் வைரக்கண்ணு. "வர்ற வெள்ளிக்கிழமை பொழுது சாயற நேரம் தம்பியைச் சந்தைப்பேட்டைக்கு வரச் சொல்லுங்க. அவர் வண்டி முன்னாடி போகட்டும், நான் மொபெட்ல பின்னாடி வர்றேன். எங்க வீட்டு வாசல் வரைக்கும் வழி பூரா பின் விளக்கு எரியணும். எரிஞ்சா உள்ள வந்து பொண்ணைப் பாக்கலாம். நடுவுல அணைஞ்சா அப்படியே ஊருக்குப் போயிடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"இவ்வளவுதானா!" என்று சேதி கேட்டதும் அடைக்கலம் துள்ளினான். உடனே வண்டியை எடுத்தான். ஓட்டிக்கொண்டே, பின் விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்தான். விளக்கைப் பார்ப்பதற்குள் வாய்க்கால் வந்துவிட்டது.

அவனை வாய்க்காலிலிருந்து தூக்கி உட்காரவைத்துவிட்டு, நாலு பேரும் யோசித்தார்கள்.

"ஓட்டுறவன் பாக்கக் கூடாது" என்றார் உருமையா. "பாக்குறவன் ஓட்டக் கூடாது. இதுதான் முறை."

அதன்படி சோலையப்பன் பின் சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, குனிந்து விளக்கைப் பார்த்தான். எரியவில்லை. வண்டி வாங்கின நாளிலிருந்தே அது எரிந்ததில்லை என்பது அடைக்கலத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சந்தைப்பேட்டை மெக்கானிக் ஜப்பார் பாய் கடையில் புது பல்பு போட்டார்கள். பளிச்சென்று எரிந்தது. திரும்பி வரும்போது உருமையா, "சோலை, எரிஞ்சா எரியுதுன்னு சொல்லிக்கிட்டே வாடா" என்றார்.

"எரியுது, எரியுது, எரியுது" என்று சோலையப்பன் சொல்லிக்கொண்டே வந்தான். ரைஸ்மில் தாண்டினதும் வாயை மூடிக்கொண்டான். ஊர் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் விளக்கு அணைந்து கிடந்தது.

"அணைஞ்சதை ஏன்டா சொல்லலை?" என்று அடைக்கலம் பாய்ந்தான்.

"எரிஞ்சாத்தானே சொல்லச் சொன்னீங்க? எரியாததை எரியுதுன்னு சொல்ல நான் என்ன பொய்யனா?"

அவன் சொன்னதில் ஞாயம் இருந்ததால் வண்டியைத் திருப்பினார்கள்.

மறுபடி ஜப்பார் பாய். அவர் பல்பைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "உள்ள இருக்கிற கம்பி அறுந்துபோச்சு. உங்க வண்டியில பின்பக்க மட்கார்டு கிடுகிடுன்னு ஆடுது. பல்பு ஆடாமப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு, புதுசு ஒன்று மாட்டிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் உருமையா கேட்டார். "வண்டி போனா பல்பு ஆடுமா, ஆடாதா?"

"ஆடும்ணே."

"வீட்டுல இருந்தா?"

"ஆடாதுண்ணே."

பல்பைக் கழற்றி, அடைக்கலம் வீட்டு அரிசிப் பானைக்குள் பத்திரமாகப் புதைத்தார்கள். அன்றைக்கு முழுக்க அடைக்கலம் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினான். சாயங்காலம் வந்து பானையிலிருந்து எடுத்துப் பார்த்தால், ஆகா, பல்பு புத்தம் புதுசாக இருந்தது! மெய்யநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இத்தனை தூரம் போய் வந்தும் ஒண்ணும் ஆகலை பாத்தியா?" என்றான்.

அடைக்கலத்துக்கு மட்டும் மனசுக்குள் என்னவோ உறுத்தியது. காதல் வந்தவனுக்குக் கொஞ்சம் யோசனையும் வந்துவிடும் போலிருக்கிறது. "பல்பு போகலை, சரி. ஆனா அவர் எரியணும்னுல்ல சொன்னாரு?" என்றான்.

இது புதுச் சிக்கல். கூடி யோசித்தார்கள். பல்பு வண்டியிலும் இருக்க வேண்டும், ஆடவும் கூடாது. அப்படியானால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மெய்யநாதன் முன்வந்தான். அடைக்கலம் வண்டியை மெல்ல ஓட்ட, மெய்யநாதன் பின் விளக்கை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே ஓடி வந்தான். உருமையா சைக்கிளில் தொடர்ந்தார்.

"எரியுதாடா?"

"தெரியலண்ணே. கை சுடுது."

"அப்ப எரியுது. விடாதே!"

விடவில்லை. ஆனால் பின்னால் நின்று பார்க்கிற யாருக்கும் விளக்கு தெரியவில்லை, மெய்யநாதன்தான் தெரிந்தான். ரைஸ்மில் பக்கத்தில் ஒரு வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியது. மெய்யநாதன் ஏறவில்லை. அவன் விழுந்த இடத்திலேயே பல்பும் போயிற்று.

ஜப்பார் பாய் இந்த முறை புது பல்பு மாட்டிவிட்டு, அரைமணி நேரம் வண்டியைக் குடைந்தார். வயரை எல்லாம் தொட்டுப் பார்த்தார். "எர்த் சரியா இல்லை போலிருக்கு. நல்ல எர்த்தாக் கொடுங்க, சரியாப் போகும்" என்றார். 'கொடுக்கிறேன்' என்று சொல்லாமல் 'கொடுங்க' என்று சொல்லித் தொலைத்ததை அவர் அப்புறம் பல நாள் நினைத்து நொந்துகொண்டார்.

எர்த் என்ற வார்த்தையைக் கேட்டதும் உருமையா நெஞ்சை நிமிர்த்தினார். ஏணி பிடித்த அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்த விஷயமாயிற்றே! வீட்டுக்கு எர்த் கொடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? கொல்லையில் குழி வெட்டி, கம்பியை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மண்ணை மூடித் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டுக்கு ஒரு ஞாயம், வண்டிக்கு ஒரு ஞாயமா? அடைக்கலம் வீட்டு வாசலில் வண்டிக்குப் பின்னால் ஆள் உயரக் குழி வெட்டினார்கள். வண்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடினார்கள்.

வண்டியை ஸ்டார்ட் செய்தால் பின் விளக்கு அப்படி எரிந்தது! தெருவே வேடிக்கை பார்க்க வந்தது.

"இப்ப ஓட்டு" என்றார் உருமையா.

ஓட்டினான். கம்பி இருக்கிற தூரம் வரை போனான். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. மறுபடி எல்லாரும் குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பெருங்களம்பட்டி வரைக்கும் கம்பி இழுத்தா?" என்றான் மெய்யநாதன்.

"நடுவுல ஆறு இருக்குடா, அறிவு இருக்கா? கம்பி நனைஞ்சு துருப்பிடிக்கும்" என்றான் சோலையப்பன்.

உருமையா கண்ணை மூடி யோசித்தார். "வண்டி போற இடத்துக்கெல்லாம் குழியும் போகணும்" என்றார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பந்தல் சமையலுக்கு வைத்திருந்த பெரிய அண்டாவை எடுத்து வந்து, அதில் குழி மண்ணை அள்ளிப் போட்டு, உப்பும் கரியும் கலந்து, கம்பியைச் சொருகி, வண்டி கேரியரில் வைத்துக் கட்டினார்கள். கட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எர்த் காயக் கூடாது என்பதால் மெய்யநாதன் கூடவே ஓடிக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். அண்டா நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் சுடச்சுட எரிந்துகொண்டிருந்த பின் விளக்கின் மேல் இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம்.

அண்டாவோடு வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் ஜப்பார் பாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு அடைக்கலத்தின் முகத்தைப் பார்த்து மனசு இளகி, வண்டியை மறுபடி பொறுமையாகச் சோதித்தார். கடைசியில் கோளாறு அகப்பட்டது.

"ரெகுலேட்டர் போயிருக்குப்பா. வண்டியை முறுக்குறப்பல்லாம் கரண்டு கூடுதலாப் பாயுது. அதைத் தாங்காம பல்பு போகுது. புது ரெகுலேட்டர் வர அடுத்த வாரம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கணும் பாய்" என்று அடைக்கலம் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "அந்தப் பொண்ணு இல்லைன்னா நான் வண்டியே ஓட்டலை, பந்தலே போடலை, எங்கேயாச்சும் போயிடறேன்."

"அட, அழாதப்பா. இந்தா, என்கிட்ட இருக்கிற கடைசி பல்பு. மாட்டித் தர்றேன். வெள்ளிக்கிழமை வண்டியை முறுக்காம, உருட்டுற வேகத்துல போ. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நிக்கும். ஞாபகம் வெச்சுக்க, முறுக்கினா போயிடும்."

வெள்ளிக்கிழமை வந்தது. அடைக்கலம் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, வண்டியை உருட்டிக்கொண்டே சந்தைப்பேட்டைக்கு வந்து சேர்ந்தான். மற்ற மூவரும் தாம்பூலத் தட்டோடு நடந்து வந்தார்கள். வைரக்கண்ணு இன்னும் வரவில்லை. அடைக்கலம் பூ வாங்கப் போனான். திரும்பி வருவதற்குள் வண்டி உர்ரென்று ஒரு உறுமல் உறுமித் தணிந்தது.

ஓடி வந்தான். சோலையப்பன் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"முறுக்கினா போயிடும்னாருல்ல, நிசமான்னு பாத்தேன்" என்றான் சோலையப்பன். "நிசம்தான்."

அடைக்கலம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜப்பார் பாய் கடை வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு அடைப்பு. கடைசி பல்பும் போயிற்று. சந்தைக்கு அந்தக் கோடியில் வைரக்கண்ணுவின் மொபெட் சத்தம் கேட்டது. இளஞ்சியம் சிரித்த சிரிப்பு அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. பாவி மகனே சோலை, என்று வாய்விட்டே சொன்னான்.

அப்போது மெய்யநாதன் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு கண்ணைக் கசக்கினான். "இந்த விளக்கு மட்டும் ஏன்ணே போகவே மாட்டேங்குது?"

முன் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

உருமையா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "டேய், பின் விளக்குன்னா என்ன?"

"பின்னாடி இருக்கிற விளக்கு."

"எதுக்குப் பின்னாடி?"

"போற பக்கத்துக்குப் பின்னாடி."

"அப்ப வண்டி இந்தப் பக்கமாப் போனா?" என்று உருமையா வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினார்.

அடைக்கலம் எழுந்தே விட்டான்.

தாம்பூலத் தட்டைச் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடித்தாளை உருவி, முன் விளக்கின் மேல் போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டினார்கள். விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. அடைக்கலம் ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் நியூட்ரலில் ஓடட்டும், முறுக்க வேண்டாம். சோலையப்பனும் மெய்யநாதனும் கேரியரைப் பிடித்து இழுக்க, உருமையா ஹேண்டில்பார் பக்கம் நின்று தள்ள, வண்டி பெருங்களம்பட்டியை நோக்கிப் பின்பக்கமாகப் புறப்பட்டது.

வைரக்கண்ணு மொபெட்டில் தொடர்ந்தார். விளக்கைத்தான் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார், விளக்கைத்தான் பார்த்தார். ஆனால் அந்த விளக்குக்கு நேர் மேலே அடைக்கலத்தின் முகம் இருந்தது. அடைக்கலத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமனார் ஆகப்போகிறவர் எதிரிலேயே வருகிறார், எப்படிச் சும்மா இருப்பது? ஒரு கும்பிடு போட்டான். அவரும் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒன்று போட்டான்.

"விளக்கு நல்லாப் பெருசா இருக்கே தம்பி."

"ஆமாங்க மாமா."

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?"

"ஒரு அக்கா மாமா. கட்டிக் கொடுத்தாச்சு."

இப்படியே குடும்பம், குலதெய்வம், குடிக்கிற பழக்கம் உண்டா என்பது வரை பேசிக்கொண்டே வந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த டவுன்பஸ் டிரைவர் கடைசி நிமிஷத்தில் பிரேக்கைப் போட்டு, தலையை வெளியே நீட்டி, "முன்னாடி லைட்டு எங்கடா, எருமை!" என்று கத்திவிட்டுப் போனான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

வாசல் வந்தது. வைரக்கண்ணு மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பின் விளக்கு வழி பூரா எரிஞ்சுது. என் கண்ணால பாத்தேன். அதுல ஒரு குறையும் இல்லை" என்றார். பிறகு தாடையைத் தடவினார். "ஆனா பஸ்காரன் சொன்னது சரிதான் தம்பி. உங்க வண்டியில முன் விளக்கு எரியலையே."

அடைக்கலத்துக்குத் தலையில் இடி விழுந்தது. உருமையா அசரவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க" என்றார். மூவருமாக வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். சிவப்புத்தாளை அவிழ்த்தார்கள். வெள்ளை வெளிச்சம் வீட்டு வாசல் பூரா பாய்ந்தது.

"ம், எரியுது" என்றார் வைரக்கண்ணு திருப்தியாக.

அந்த வெளிச்சத்தில் கதவோரம் இளஞ்சியம் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா," என்றாள், "பின்னாடி எரிஞ்சப்ப முன்னாடி எரியலை. முன்னாடி எரியறப்ப பின்னாடி எரியலை. ரெண்டும் ஒண்ணாத்தானே எரியணும்?"

அடைக்கலம், இத்தனை நாள் பட்ட பாட்டின் தைரியத்தில் வாயைத் திறந்தான்.

"ஏங்க, ஒரே வண்டி ஒரே சமயத்துல முன்னாடியும் பின்னாடியுமா போகும்?"

வைரக்கண்ணு தொடையில் தட்டினார். "கேட்டியாம்மா? எப்பேர்ப்பட்ட பேச்சு! எனக்கு இது தோணவே இல்லையே!"

இளஞ்சியம் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "ஆமாப்பா, அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே காப்பி போட உள்ளே போனாள். பெண் கொஞ்சம் விவரமானவளோ என்று உங்களுக்குக் கவலை வந்திருந்தால், அதை இங்கேயே விட்டுவிடலாம்.

"உள்ள வாங்க மாப்ளே" என்றார் வைரக்கண்ணு. தம்பி மாப்ளே ஆகிவிட்டதில் அடைக்கலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பாயை விரித்தார்கள். அத்தை, சித்தி, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். அவன் உட்காரப் போகும்போது வைரக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் மாப்ளே. சந்தைப்பேட்டையிலேருந்து உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். முகம் நல்ல முகம். ஆனா எனக்குப் பின்பக்கம்தான் முக்கியம்னு உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் திரும்பி நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

அடைக்கலம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் வந்தது, காப்பி வாசனை வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று இளஞ்சியத்தைக் கேட்டார்கள். அவள் அவன் முதுகை மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்றாள்.

தட்டு மாற்றினார்கள். தை மாதத்தில் நாள் குறித்தார்கள். காப்பி குடித்து, பலகாரம் சாப்பிட்டு, உருமையாவும் மற்ற இருவரும் சொல்லிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். அடைக்கலம் மட்டும் சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லவில்லை.